முத்தரசிக்குப் புரியாத தமிழ்

வேங்கைக்கோட்டை மன்னர் நெடுவேளருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. தம்மைச் சுற்றிப் பிழையான தமிழே ஒலிக்கக் கூடாது! ஆசையை ஊட்டியவர் அவைப்புலவர் அகரநம்பி. உடனே சட்டம் பிறந்தது. அரண்மனையிலோ அரச விழாவிலோ கொச்சைச் சொல் பேசுகிறவர் எவராயினும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்.

அன்றுமுதல் அமைச்சர் சேந்தன் வாய் திறப்பதே குறைந்துபோனது. அவர் கிராமத்து ஆள். "வணக்கம்" சொல்லும் முன்பும் மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆனால் மாட்டிக்கொண்டது அவருடைய அக்காள் கணவன், யானைப்பாகன் காளிங்கன். பட்டத்து யானை முத்தரசியிடம் அவன் "குந்து கண்ணு" என்றதை அகரநம்பி கேட்டுவிட்டார். முத்தரசியை நடத்த வேறு ஆள் இல்லாததால், "வரும் கோயில் திருவிழா முடிந்ததும் வெளியேறு" என்றார் மன்னர்.

வீட்டில் காளிங்கன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "பொண்டாட்டி புள்ளையோட நான் எங்க போவேன் மாப்ளே?"

"மாமா, நீங்க சொன்னாத்தான் முத்தரசி குந்துவாளா?"

"யாரு சொன்னாலும் குந்துவா. சொல்லுதான் அதுவா இருக்கணும். குட்டியில இருந்து அவ கேட்ட சொல்லு அது ஒண்ணுதான்."

பல நாள் கழித்துச் சேந்தன் முகத்தில் சிரிப்பு வந்தது. "அப்போ விழாவுல சுத்தமான தமிழே பேசுங்க. யாரு மெரட்டினாலும் மாத்தாதீங்க."

விழா நாளில் மன்னர் அரண்மனை மேடையிலிருந்து யானைமேல் ஏறிக்கொண்டார். கோயில் வாசலில் மேடை கிடையாது. முத்தரசி உட்கார்ந்தால்தான் இறங்க முடியும். உள்ளே குருக்கள் தீபாராதனைத் தட்டோடு காத்திருந்தார்.

காளிங்கன் கைகூப்பினான். "முத்தரசியே, அமர்வாயாக."

முத்தரசி காதை ஆட்டினாள்.

"பாகனுக்கு உச்சரிப்புப் போதாது" என்று அகரநம்பி முன்னே வந்தார். "வேழமே! மண்டியிட்டு அமர்ந்தருள்க!"

முத்தரசி அவர் கழுத்து மாலையை உருவித் தின்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மேலே வெயிலில் மன்னருக்கு வியர்த்துக் கொட்டியது. "காளிங்கா, வழக்கமாகச் சொல்வதையே சொல்லேன்!"

"அது குற்றமாயிற்றே, பெருமானே. அடியேன் இன்னொரு முறை செய்ய மாட்டேன்."

"சேந்தரே, நீராவது சொல்லும்!"

"நானும் இந்த நாட்டில்தானே வாழ வேண்டும், மகாராஜா?"

கோயில் மணி அடித்தது. மன்னர் இப்படியும் அப்படியும் பார்த்தார். குனிந்து, யானையின் காதோரம் "குந்து" என்று முணுமுணுத்தார். மேளச் சத்தத்தில் அது எடுபடவில்லை. மன்னரின் பொறுமை போயே போய்விட்டது.

"குந்து கண்ணு! குந்து!"

போட்ட சத்தத்தில் மேளமே நின்றது. முத்தரசி சமர்த்தாக மண்டியிட்டாள்.

மன்னர் இறங்கினார். சேந்தன் பணிவாகத் திரும்பினார். "புலவரே, சட்டப்படி இப்போது யார் நாட்டைவிட்டுப் போக வேண்டும்?"

அகரநம்பியின் முகம் வெளிறியது. "அ... அது கொச்சையே அல்ல! மன்னர் திருவாய் மலர்ந்த சொல். அரச வழக்கு!"

"அடடா! எங்க மாமா இத்தனை வருசமா அரச வழக்குத்தான் பேசிக்கிட்டு இருந்திருக்காரு. அது தெரியாம அவரை யானைக் கொட்டாயிலேயே வச்சிருந்தோமே!"

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சட்டம் அந்த இடத்திலேயே ஒழிந்தது. தம் கைக் கங்கணத்தைக் கழற்றிச் சேந்தனிடம் நீட்டினார்.

"ரொம்ப சந்தோசமுங்க மகாராசா" என்றார் சேந்தன், மனத்துக்குள் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காமல்.