விரால் குஞ்சு சிவந்த கதை

மீனுக்கும் பேச்சு இருந்த காலம் அது. நம்ப மாட்டீர்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் குறைச்சல் இல்லை. அந்தப் பேச்சு நின்றுபோனதற்கு ஒரு மனிதன்தான் காரணம். அவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நெடுங்கரை ஏரி என்று ஒன்று. இந்தக் கரையில் நின்று கத்தினால் அந்தக் கரைக்குக் கேட்காது, அவ்வளவு பெரிசு. அதில் வலை வீசிப் பிழைத்தவன் கன்னியப்பன். ஏரியில் இருந்த பெட்டை விரால் ஒன்று அவனை வாய் நிறைய "அண்ணே" என்று கூப்பிடும். ஒருமுறை கரையோர முள்ளில் மாட்டிக் கிடந்த அதை எடுத்துத் தண்ணீரில் விட்டவன் அவன்தான். அதிலிருந்து உறவு.

அந்த வருஷம் சித்திரையில் விரால் குஞ்சு பொரித்தது. அப்போதெல்லாம் விரால் குஞ்சும் மற்ற மீன்குஞ்சு மாதிரி சாம்பல் நிறம்தான்.

"அண்ணே, தாய்மாமன் ஆயிட்டே. எம் பிள்ளைங்களுக்கு என்ன சீர்?" என்று கேட்டது விரால்.

"மாமன் சீர் இல்லாமயா போகும்? என்ன வேணும்னு கேளு, கொண்டாறேன்."

"ஒண்ணும் கொண்டார வேணாம். வெயிலைப் பாத்தே இல்ல? மேல் தண்ணி கஞ்சியாக் கொதிக்குது. ஏரியில இருக்கிற அத்தனை பேரும் நடு மடுவுல ஒடுங்கிக் கிடக்கோம். விடியக்காலையில குளிர்ச்சிக்குக் கரையோரம் வருவோம். அப்ப உம் பாட்டுக்கு வலை வீசிக்கோ. வெயில் ஏறினப்புறம் மடுவுல மட்டும் கால் வைக்காதே. அடிச்சேறு கலங்கினா எம் பிள்ளைங்களுக்கு மூச்சு நின்னு போயிடும். அதுதான் நான் கேக்குற சீர்."

கன்னியப்பன் தண்ணீரைத் தொட்டுச் சத்தியம் செய்தான்.

பத்து நாள் போயிற்று. அவன் மகளுக்குக் காதுகுத்து வந்தது. பெண்டாட்டி பூங்காவனத்தின் அண்ணன் மூன்று வண்டி ஜனத்தோடு, தட்டுத் தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். அன்று விடியலில் கன்னியப்பன் வலையில் விழுந்ததோ இரண்டு கை கெண்டைப்பொடி.

"மீன்காரன் வீட்டு விசேஷத்துல மோர்க்குழம்பா மச்சான்?" என்று வந்தவன் கேலி செய்தான்.

வெறும் கேலிதான். மாமன் மச்சானுக்குள் இல்லாத கேலியா? ஆனால் கன்னியப்பனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. ரோஷம் தலைக்கேறினால் சத்தியம் எங்கே நிற்கும்?

உச்சிவெயிலில் பன்னிரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு மடுவில் இறங்கினான். ஏரி வற்றி மடுவே மார்பளவுதான் இருந்தது. வாழை மட்டையால் அடித்து, காலால் மிதித்து, ஒரு மூலை விடாமல் கலக்கினார்கள். தண்ணீர் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் சின்னதும் பெரியதுமாக மீன்கள் மேலே வந்தன.

"பாத்தியா, தானா வந்து மடியில விழுது" என்று ஆட்கள் சிரித்தார்கள். கரையில் நின்ற மச்சானும் சிரித்தான்.

பூங்காவனம் கூடையோடு இறங்கி ஒரு கெண்டையைத் தொட்டாள். அது ஓடவில்லை. இன்னொன்றைத் தொட்டாள். அதுவும் ஓடவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடியது. கூடை அவள் கையிலிருந்து நழுவிற்று.

"நிறுத்துங்கய்யா. கை பட்டு ஓடாத மீனை எங்கயாவது பாத்திருக்கீங்களா? இதுங்க உங்களைத் தேடி வரல. சாவுதுங்க."

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை வயிறு. கன்னியப்பன் கையிலிருந்த மட்டையைத் தூக்கி எறிந்தான். அட பாவி, இப்போது எறிந்து என்ன செய்ய?

கலங்கலைப் பிளந்துகொண்டு விரால் வந்தது. தண்ணீருக்குள் மூச்சு இல்லை. வேறு வழி தெரியாமல் வாயை வெளியே நீட்டி, வெயிலோடு சேர்த்து ஒரு வாய் காற்றை விழுங்கிற்று. அதுவரை எந்த மீனும் செய்யாத காரியம். போன உயிர் திரும்பிற்று. உடனே உள்ளே பாய்ந்து, அகப்பட்ட குஞ்சுகளையெல்லாம் முட்டி முட்டி மேலே தள்ளியது.

"விழுங்குங்க கண்ணுங்களா. சுட்டாலும் விழுங்குங்க."

பிஞ்சு உடம்பு. அந்த வெயில் உள்ளே போனதில் குஞ்சுகள் நெருப்புத் துண்டாகச் சிவந்தன. விழுங்கியவை பிழைத்தன. விழுங்கத் தெரியாமல் பாதிக்கு மேல் மல்லாந்து மிதந்தன.

விரால் கன்னியப்பனைப் பார்த்தது.

"சீர் வந்து சேந்துதுண்ணே" என்றது. அதற்குப் பிறகு எந்த மீனும் எந்த மனிதனோடும் பேசவில்லை.

அன்று சாயங்காலம் பெண்குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்தினார்கள். மீன் குழம்பு வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. கன்னியப்பனால் அந்த மடியைப் பார்க்க முடியவில்லை. சீர்த்தட்டிலிருந்து ஒரு பிடி பொரியை அள்ளிக்கொண்டு ஏரிக்கு ஓடினான்.

அந்த உச்சிவெயில் முதல்தான் விரால் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அதன் குஞ்சுகள் சிவப்பாக இருந்து, வளர வளரச் சூடு தணிந்து கறுக்கின்றன. அன்று முதல்தான் நெடுங்கரையில் கோடை வெயிலேறிய பிறகு எவனும் மடுவில் இறங்குவதில்லை. சிவந்த குஞ்சுக்கூட்டம் கண்ணில் பட்டால் வலையைச் சுருட்டிவிட்டு, மாமன் சீர் என்று ஒரு பிடி பொரியைத் தண்ணீரில் போடுகிறார்கள். குஞ்சுகள் அதைத் தொடுவதில்லை.