தங்கமுத்து தோட்டத்தில் முதல் போணி

விவசாயிகளின் கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டும் கணினிப் பெட்டிகளில் மெமரி நிரம்பிவிட்டது. அவற்றைச் செய்து விற்ற கோயம்புத்தூர் கம்பெனியின் மேனேஜர் தங்கமுத்துவுக்கு அவசரம். பயிற்சிக்கு வந்திருந்த பூவிழியைக் கூப்பிட்டார்.

"மெமரி பார்ட்டிஷனைப் பெரிசாக்குற அப்டேட்டை இன்னைக்கே எல்லா விவசாயி பெட்டிக்கும் ஆன்லைன்ல அனுப்பு. பேக்கப், டெஸ்டிங்னு இழுக்காதே."

"நடுவுல கரண்ட் போனா எல்லாம் அழிஞ்சு மோட்டாரே ஓடாதுங்க சார்."

"அதெல்லாம் போகாது."

"சரிங்க சார். முதல் போணி உங்க தோட்டத்துப் பெட்டியில ஆகட்டுங்க." அவள் விரல் கீபோர்டுக்குப் போனது.

தங்கமுத்து நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "இரும்மா. தென்னைக்குத் தண்ணி பாயுது. பேக்கப் எடுத்துட்டுப் பண்ணு."

"எடுக்கிறேனுங்க. மத்தவங்க தென்னையும் தண்ணிதானுங்க சார் குடிக்குது."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "எல்லாருக்கும் எடும்மா. போணியை அலமாரியில கிடக்கிற பழைய பெட்டியில பண்ணிக்கலாம்."