கடைத்தெருவை அடைத்த கல்மயில்

வேங்கையூர் ராஜா தீரமாறனுக்கு அழகுப் பைத்தியம் பிடித்திருந்த சமயம் அது. ராஜாவுக்குப் பைத்தியம் பிடித்தால் மருந்து குடிக்க வேண்டியது ஊர்தானே.

கடைத்தெரு முனையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல்தூண், மேலே ஒரு கல்பலகை. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை அதன் மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்குவார்கள். அலங்கார மந்திரி ஏகாம்பரத்தின் கண்ணுக்கு அது அசிங்கமாகப் பட்டது. இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பனைமர உயரத்துக்கு ஒரு கல்மயிலை நிறுத்தினார். ராஜாவுக்கு ஒரே பூரிப்பு.

ஆனால் ஜனங்கள் மயிலை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மயிலைக் கடக்கிறவர் யாராக இருந்தாலும் நின்று, அண்ணாந்து பார்த்து, 'ஆகா' என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் ஒரு மாதம் கடைத்தெருவில் கால் வைக்கக் கூடாது. இப்படித் தண்டோரா போட்டார்.

சட்டி விற்கிற மூக்காயி முதல் நாள் அண்ணாந்தாள். தலையிலிருந்த பதினோரு சட்டியும் விழுந்து நொறுங்கின. மறுநாள் நேரே பார்த்தபடி போனாள். காவலன் விரட்டிவிட்டான். அவள் அரசவை விகடகவியான வாய்த்துடுக்குப் பிச்சாண்டியிடம் போய் நின்றாள்.

"சட்டி விக்காட்டி என் வீட்டுல உலை ஏறாது சாமி. ஆகான்னு சொல்ல எனக்கு வாய் வலிக்குதா? கழுத்தை நிமித்துனா சட்டி உழுதே, நான் என்ன பண்ணுவேன்?"

பிச்சாண்டிக்குப் பாவமாக இருந்தது. "நாலு நாள் பொறு தாயி" என்று அனுப்பி வைத்தான்.

நாலாம் நாள் முதல் அறுப்பு. புதுநெல் கூடையை ராஜாவே தலையில் சுமந்து அரண்மனைக்குக் கொண்டுவர வேண்டும். கூடை தரையில் படக் கூடாது, வேறு யாரும் தொடக் கூடாது. அது அந்த ஊர் வழக்கம்.

"இந்த வருஷம் கடைத்தெரு வழியாக வாருங்கள் மகாராஜா. மயிலையும் உங்களையும் ஊர் சேர்த்துப் பார்க்கட்டும்" என்றான் பிச்சாண்டி. ராஜா உச்சி குளிர்ந்துபோனார்.

மயிலடிக்கு வருவதற்குள் அவருக்குக் கழுத்து விண்விண் என்று தெறித்தது. பிச்சாண்டி குறுக்கே வந்து கும்பிட்டான்.

"நின்று, அண்ணாந்து, ஆகா சொல்லுங்கள் மகாராஜா."

"நானுமா?"

"யாராக இருந்தாலும் என்று சொன்னது தாங்கள்தானே."

ராஜா மோவாயை லேசாகத் தூக்கினார். கூடை பின்னால் சரிந்தது. பதறிப்போய் இரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"முடியவில்லை பிச்சாண்டி. இதைத் தரையில் படாமல் இறக்கி வைக்க ஓர் இடம் காட்டு."

"ஓர் இடம் இருந்தது மகாராஜா. அங்கேதான் இப்போது மயில் நிற்கிறது."

ராஜா கூடைக்கு அடியிலிருந்து கூட்டத்தைப் பார்த்தார். விறகுக்கட்டு, தயிர்ப்பானை, புல்லுக்கட்டு. ஒரு தலைகூடக் காலியாக இல்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"உத்தரவு ரத்து. விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் இன்றைக்கே கடைத்தெருவுக்குத் திரும்பட்டும். ஏகாம்பரம், மயிலை எடுத்துவிட்டுச் சுமைதாங்கியைக் கட்டும்."

"இவ்வளவு பெரிய மயிலை எங்கே கொண்டுபோய் வைப்பது மகாராஜா?" என்று மந்திரி அழாக்குறையாகக் கேட்டார்.

பிச்சாண்டி முந்திக்கொண்டான். "உங்கள் வீட்டு வாசலை மறித்து வையுங்கள் மந்திரியாரே. தலையில் சுமையில்லாமல் நடக்கிறவர் நீங்கள்தான். சுற்றிச் சுற்றிப் போகும்போது நன்றாக அண்ணாந்து பார்க்கலாம்."

ராஜா கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நெல் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். "அப்படியே ஆகட்டும்" என்றார்.