டர்போ காருக்கு எவ்வளவு இடைவெளி?

பல்லடத்தில் பூங்கோதை என்றொரு மெக்கானிக் இருந்தாள். மில் முதலாளி சென்னியப்பன் தன் டர்போ காரை அவளிடம் கொண்டுவந்தார். கூடவே நண்பர்கள் இரண்டு பேர்.

"மேடேறினா திணறுது. ஸ்பார்க் பிளக்கை மாத்து. முனையில இடைவெளியை அகலமா வை, பொறி பெருசா வரணும். மறுபடி திணறினா என் மில் வண்டி ஒண்ணும் இங்க வராது."

சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும் பிளக்குகளாகப் பார்த்து எடுத்தாள் பூங்கோதை. ஆனால் அவர் சொன்னபடி இடைவெளியை அகலமாக வைத்தால் கார் நிச்சயம் திணறும். சொன்னால் அவர் கேட்கமாட்டார். அதற்குள் அவர் சிகரெட்டை எடுத்தார்.

"இங்க பெட்ரோல் இருக்குதுங்க. வாசல்ல பத்த வைங்க" என்றாள்.

வாசலில் ஆடிக் காற்று. முதல் குச்சி அணைந்தது. அடுத்ததைக் கைக்குள் பொத்தி, சிகரெட்டை ஒட்டிப் பிடித்துப் பற்றவைத்தார்.

"ஏனுங்க அவ்வளவு கிட்டப் பிடிச்சீங்க?"

"இந்தக் காத்துல எட்டப் பிடிச்சா அணையாதா? இதுகூடத் தெரியாதா?"

"டர்போவும் எஞ்சினுக்குள்ள காத்தைத்தானுங்க அழுத்தி அடிக்குது. அங்க பொறியை எட்ட வைக்கட்டுங்களா, கிட்ட வைக்கட்டுங்களா?"

நண்பர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"கிட்டவே வை" என்றார் சென்னியப்பன்.

கார் திணறாமல் மேடேறியது. இடைவெளியைக் குறைக்கச் சொன்னதே தான்தான் என்று மில் முழுக்கச் சொல்லிக்கொண்டார். மில் வண்டிகளைப் பழுதுபார்க்க விட வந்த டிரைவர்கள், அது நிஜமா என்று பூங்கோதையிடம் கேட்டார்கள்.

"ஆமாங்க, அவர் வாயாலதான் சொன்னாரு" என்றாள்.