கண்டல் மரம் வேரை வெளியில் விட்ட கதை

அந்தக் காலத்தில், மரமும் நண்டும் கொக்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வேரை வெளியில் காட்டக் கூடாது. காட்டினால் மானம் போயிற்று என்று அர்த்தம்.

மேட்டு நிலத்து வேம்புக்குத் தங்கை கண்டல். இவளுக்கு வாய்த்த இடம் கழிமுகத்துச் சேறு. அக்கா ஒற்றை வேரை நேராக இறக்கிப் பாறையில் ஊன்றி நிற்பதைப் பார்த்து, இவளும் அப்படியே இறக்கினாள். இறக்கிக்கொண்டே போனாள். பாறை தட்டுப்படவே இல்லை. ஆள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது, பாவம்.

அவள் கிளையில்தான் கொக்கு முட்டையிட்டிருந்தது. ஐப்பசிக் காற்று எழும்பியதும் கூடு ஒரு பக்கமாக வழுக்கியது.

"ஏ கண்டலு, எம் புள்ளைங்க தண்ணியில விழுந்துரும்டி!" என்று கொக்கு அலறியது.

"இன்னும் ஒரு முழம் போனா பாறை வந்துரும். பொறுத்துக்க."

அடியில் வளை தோண்டிக்கொண்டிருந்த நண்டு சேறும் சகதியுமாக மேலே வந்தது.

"எந்தப் பாறையத் தேடுற தாயி? நானும் தோண்டிப் பாத்துட்டேன். எவ்வளவு ஆழம் போனாலும் இங்க கூழுதான். ஒங்க அக்கா எடத்துல பாறை கெடக்கு, ஒத்தக் காலு போதும். இங்க காலு நெறைய வேணும். ஒவ்வொரு காலையும் சேறு சுத்திவர இறுக்கிப் புடிச்சுக்கும். ஆனா, இடுப்புலேருந்து எறக்கணும்."

"இடுப்புலேருந்தா? ஊரே பாக்குமே!" கண்டலுக்கு உயிரே போய்விட்டது.

அப்போது அடித்த காற்றில் ஒரு முட்டை கூட்டின் விளிம்புக்கு உருண்டது. கொக்கு அலகால் அதைத் தடுத்துக்கொண்டு, வாய் திறக்க முடியாமல், கண்டலையே பார்த்தது. அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடுப்பைச் சுற்றிலும் வேர்களை வெளியே தள்ளினாள். அவை வளைந்து இறங்கிச் சேற்றில் புதைந்தன. சேறு ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டது. புயல் வந்தது, ஆட்டிப் பார்த்தது, போனது. ஒரு முட்டைகூட விழவில்லை.

விடிந்ததும் மேட்டு மரங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. அதற்குள் முட்டைகள் பொரிந்துவிட்டன.

அன்று முதல்தான் கண்டல் மரம் வேர்களை வெளியே விரித்துக்கொண்டு நிற்கிறது. யார் சிரித்தாலும் அவள் காதில் விழுவதில்லை. தலைக்கு மேல் குஞ்சுகள் போடும் கூச்சல் அப்படி.