சின்னதுரை கேட்ட பெரிய சக்கரம்

மருதங்காடு சமஸ்தானத்தை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. காலையில் குதிரை ஏறினால் வெயில் ஏறுவதற்குள் எல்லையைத் தாண்டிவிடலாம், ராஜ்யமே அவ்வளவுதான். ஆனால் ராஜா வீரரகுநாதரின் பட்டப்பெயர்களைச் சொல்லி முடிப்பதற்குள் கட்டியங்காரன் நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தாக வேண்டும்.

அந்த ராஜாவிடம் ஒரு டிராக்டர் இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன பழைய வண்டி. சின்னது. வருஷா வருஷம் நல்லேர் பூட்டும் நாளில் ராஜா தானே அதை ஓட்டி முதல் சால் உழுவார். புரண்டு விழும் மண்ணில் ஒரு பிடியை நிலத்துக்காரர் ஒவ்வொருவரும் தன் கையாலேயே அள்ளிக்கொண்டு போய்த் தன் நிலத்தில் போட்ட பிறகுதான் ஏரிப் பாசனத்தில் யாரும் விதைப்பார்கள். மருதங்காட்டாருக்கும் சரி, பக்கத்துக் கீழைமங்கலத்தாருக்கும் சரி, அதுதான் வழக்கம்.

அந்த வருஷம் டிராக்டரின் பின் டயர்கள் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. புது டயர் என்ன அளவில் வாங்குவது என்று சபையில் பேச்சு வந்தது. டிராக்டரைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்தான் முதலில் வாயைத் திறந்தார். அவர் ராணியின் தம்பி சின்னதுரை. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே யோசனை சொல்வதுதான் அரண்மனையில் அவர் பார்த்த வேலை.

"அத்தான், இந்தத் தடவை கீழைமங்கலத்து ஜமீன்தார் நல்லேருக்கு யானை மேல வரப்போறாராம். நீங்க இந்தக் குட்டி வண்டியில உக்காந்து அவரை அண்ணாந்து பாக்கவா? பின்னால ஆளுயர டயராப் போடுங்க."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு "ஆமாம்" என்றார். சபையும் ஆமாம் என்றது. அந்தச் சபைக்கு வேறு வார்த்தை தெரியாது.

அரசவை விகடர் கூத்தபிரான் மட்டும் ஆமாம் போடவில்லை.

"உமக்கு என்ன தோணுது?" என்றார் ராஜா.

"பழைய டயர் என்ன அளவோ அதே அளவுதான் மகாராஜா. வண்டிக்கு ஏத்த டயர் கடையில கிடைக்கும். அந்தஸ்துக்கு ஏத்த டயர் யாரும் விக்கிறதில்ல."

சின்னதுரை கேட்பாரா? பெரிய டயர் பழைய வளையத்தில் உட்காராது என்றதும், எங்கிருந்தோ சக்கரத்தையே கொண்டுவந்து மாட்டச் சொன்னார். வெள்ளோட்டம் நடந்தது. பின்பக்கம் எழும்பியதால் வண்டியின் மூக்கு, புல் மேயும் ஆடு மாதிரி கவிழ்ந்துகொண்டது. பின்னால் மாட்டிய ஏர் தரைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கியது. ராஜா வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புகை கக்க ஓட்டினார். ஒரு புல்கூட நகரவில்லை. புழு பொறுக்கப் பின்னாலேயே நடந்த கொக்கு, பாதி வழியில் வெறுத்துப்போய்ப் பறந்துவிட்டது.

"ஏர் தரையில படாட்டி என்ன அத்தான்? ஜனங்க உங்களைப் பாக்க வர்றாங்களா, மண்ணைப் பாக்க வர்றாங்களா?" என்றார் சின்னதுரை.

வெட்கம் கெட்ட பேச்சுத்தான். ஆனால் ராஜாவுக்கு அது தேனாக இனித்தது.

"பழைய அளவையே மாட்டுங்க மகாராஜா. உழவும் நடக்கும், ஜமீன்தார் தலைக்கு மேல உங்க தலையும் இருக்கும்" என்றார் கூத்தபிரான்.

சின்னதுரை சிரித்தார். "அத்தான், இவர் வாயாலயே மாட்டிக்கிட்டார். கீழைமங்கலத்தார் தலை உங்க தலைக்குக் கீழ வரலேன்னா, இவர் குடும்பத்தோட ஊரைக் காலி பண்ணணும்."

"நான் வண்டியை விட்டு இறங்க மாட்டேன். விருந்தாளியையோ யானையையோ யாரும் தொடக் கூடாது. சம்மதமா?" என்றார் ராஜா.

"சம்மதம் மகாராஜா."

கூத்தபிரானின் மனைவி அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டினாள். கணவனின் சாமர்த்தியத்தை வீட்டில் வைத்துப் பார்த்தவள் அவள்.

நல்லேர் நாள் வந்தது. டிராக்டரில் பழைய அளவிலேயே புது டயர்கள். கீழைமங்கலத்து ஜமீன்தார் யானை மேல் பட்டுக்குடை பிடித்து வந்து வயலோரம் நின்றார். கீழே வண்டியில் இருந்த ராஜாவை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ராஜாவின் முகம் சுண்டிப்போனது. சின்னதுரை கூத்தபிரானின் காதருகே வந்து, "ஊரைக் காலி பண்ண வண்டி பிடிச்சாச்சா?" என்றார்.

ராஜா எரிச்சலோடு வண்டியை நகர்த்தினார். ஏர் நறுக்கென்று இறங்கியது. ஈர மண் புரண்டு புரண்டு விழுந்தது. ஜனங்கள் ஓடி வந்து குனிந்து ஆளுக்கு ஒரு பிடி அள்ளினார்கள்.

ஜமீன்தார் யானை மேலிருந்தே தன் கணக்குப்பிள்ளையை அழைத்து, "நமக்கும் ஒரு பிடி எடுப்பா" என்றார்.

"நிலத்துக்காரர் கையாலதான் எடுக்கணுங்க. இல்லேன்னா நம்ம ஆளுங்க விதைக்க மாட்டாங்க" என்றார் அவர்.

ஜமீன்தார் சுற்றிலும் பார்த்தார். அவருடைய குடியானவர்கள் கைகட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யானை மண்டியிட்டது. ஜமீன்தார் இறங்கினார், செருப்பைக் கழற்றினார், சேற்றில் நடந்து ராஜாவின் வண்டிக்குப் பின்னால் வந்து குனிந்தார். அவர் தலைப்பாகை அந்தச் சின்ன டயரின் உயரத்துக்கும் கீழே இருந்தது.

ராஜா திரும்பிப் பார்த்தார். தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"பெரிய சக்கரமா இருந்தா ஏர் மண்ணைத் தொட்டிருக்காது மகாராஜா. அவரும் யானையை விட்டு இறங்கியிருக்க மாட்டார்" என்றார் கூத்தபிரான்.

ராஜா தன் கழுத்திலிருந்த முத்துமாலையை அவருக்குப் போட்டார். "அது சரி, அந்தப் பெரிய சக்கரங்களை என்ன செய்யலாம்?"

"சின்னதுரை நாற்காலியில மாட்டிடலாம் மகாராஜா. வேலை செய்யாம உசரமா மட்டும் இருக்கணும்னா, அதுதான் சரியான அளவு."