வலப்பக்கம் நகரும் வரிகள்

"மேடம், நான் அடிக்கிற வரியெல்லாம் வலது பக்கமாவே ஓடுது" என்றார் அருமைநாயகம்.

நஸீமா நிமிர்ந்து பார்த்தார். நஸீமா ஆய்வு வழிகாட்டி, அருமைநாயகம் அவருடைய மாணவர். வயதில் மாணவர்தான் மூத்தவர். கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டே முனைவர் பட்ட ஆய்வேட்டை, கணிதக் குறியீடுகளை அச்சாக்கித் தரும் லேடெக்கில் அடித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஒரு நிரூபணத்தின் நடுவே இடது ஓரத்தை விட்டுப் போன வரிகள் திரும்பி வரவேயில்லை. இவர் அழித்து இழுத்து வந்தாலும், என்டர் தட்டியதும், அடிக்கிற மென்பொருளான எடிட்டர் மறுபடி உள்ளே தள்ளிவிடும்.

எடிட்டரையே மாற்றிப் பார்த்தாராம். இணையத்தில் கண்ட செட்டிங்கையெல்லாம் போட்டதில், இப்போது எது எதைச் செய்கிறது என்றே புரியவில்லையாம். முதலில் வரி நேராகட்டும் என்று, அத்தியாயத்தை ஒரு தரம்கூட பிடிஎஃப் ஆக்கிப் பார்க்கவில்லை.

"இந்தத் தொல்லையை மட்டும் நிறுத்திக் கொடுங்க."

நஸீமா எடிட்டரின் செட்டிங்கில், வரிகளைத் தானாக உள்ளே தள்ளும் வசதிக்கான டிக்கை எடுத்தார். கோப்பு முழுவதையும் இடது ஓரத்துக்கு இழுத்துவிட்டார். எல்லா வரிகளும் நேராக நின்றன.

அருமைநாயகத்துக்கு மூச்சு வந்தது.

"இந்த நிரூபணம் எங்க முடியுதுன்னு காட்டுங்க சார்."

அவர் கீழே நகர்த்தினார். அடுத்த தேற்றம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. மேலே போனார், மறுபடி கீழே வந்தார். தான் எழுதியதில் தானே வழி தவறி நின்றார்.

நஸீமா டிக்கைத் திரும்பப் போட்டு, இழுத்ததையும் ரத்து செய்தார். வரிகள் பழையபடி உள்ளே போயின.

இம்முறை அருமைநாயகம், வரி விலகிய இடத்தில் விரலை வைத்துக்கொண்டு இறங்கினார். லேடெக்கில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு கட்டளையால் திறந்து இன்னொன்றால் மூட வேண்டும்; மூடும்வரை எடிட்டர் வரிகளை உள்ளேயே வைத்திருக்கும். ஒற்றைப்படை எண்ணுக்கான பகுதி திறந்து, மூடியிருந்தது. இரட்டைப்படைக்கான பகுதி திறந்திருந்தது. மூடவில்லை.

"இதை மூடிட்டா நேராயிடுமா மேடம்?"

"ஆயிடும்."

மூடுவதற்குக் கையைக் கொண்டுபோனவர், அந்தப் பகுதிக்குள் தான் எழுதியிருந்ததைப் படித்தார். ஒரே வரிதான்: இதுவும் முன்போலவே.

இன்னொரு தரம் படித்தார். ஒற்றைப்படைக்குச் செய்ததை இரட்டை எண்ணில் மனசுக்குள் போட்டுப் பார்த்தார். நிரூபணம் முதல் படியிலேயே நின்றுவிட்டது.



அருமைநாயகம் மடிக்கணினியை மூடினார்.

"எழுதாத தாள் ஏதாவது இருக்குமா மேடம்?"